சாம் வார்பர்டன் 29 வயதிலேயே ஓய்வு பெற்றது ஏன்? ரக்பியை நம்பி ஒரு பையனை விடலாமா?

நீங்கள் கேட்டது மூன்றே வரி. அண்ணன் மகன் கார்டிஃபில் படிக்கிறான், 16 வயது, பள்ளி அணியில் 7ஆம் எண் சட்டை, ரக்பியையே தொழிலாக எடுக்கப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறான். வேல்ஸ் அணியின் தலைவராக இருந்த சாம் வார்பர்டன் 29 வயதில் ஓய்வு பெற்றதை எங்கோ படித்துவிட்டு, "கிரிக்கெட்டில் 29 என்றால் அப்போதுதானே சூடு பிடிக்கும், இங்கே மட்டும் ஏன் இப்படி, அவ்வளவுதானா இந்தத் தொழில்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வார்பர்டன் பேரில் இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, நம் பையனின் உடம்பு எத்தனை வருஷம் தாங்கும், தாங்காமல் போனால் அவன் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். தெற்கு வேல்ஸில் பதினைந்து வருஷமாக வேலை. வார நாட்களில் கிளினிக், சனிக்கிழமைகளில் ஒரு சின்ன ஊர் கிளப்பின் மைதான ஓரத்தில் மருந்துப் பையோடு நிற்பவன். வார்பர்டன் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர் இல்லை. அவரைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஊரறிந்த விஷயங்கள்தான். ஆனால் 7ஆம் எண் ஆடுபவர்களின் கழுத்தையும் தோளையும் நிறையவே பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆளின் கதை. 1988 அக்டோபரில் கார்டிஃபில் பிறந்தவர். படித்தது விட்சர்ச் உயர்நிலைப் பள்ளி. கால்பந்து வீரர் காரெத் பேலும் அதே பள்ளி, அதே வகுப்பு ஆண்டு. சில வருஷம் முன்னால் படித்தவர் சைக்கிள் வீரர் கெரைன்ட் தாமஸ். ஒரே அரசுப் பள்ளியிலிருந்து இப்படி மூன்று பேர் என்பது இந்த ஊர் டாக்ஸிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை, உங்களுக்கும் ஒருநாள் சொல்வார்கள். வார்பர்டன் 2009இல் வேல்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடினார், 2011இல் 22 வயதில் தலைவரானார். அந்த வருஷ உலகக் கோப்பை அரையிறுதி, ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானம், எதிரே பிரான்ஸ். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, வின்சென்ட் கிளெர்க்கைத் தூக்கித் தலைகீழாகப் போட்டதாகச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பதினான்கு பேரோடு ஆடி வேல்ஸ் 9-8 என்று தோற்றது. அடுத்த வருஷமே ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் கிராண்ட் ஸ்லாம், அதாவது எல்லா ஆட்டத்திலும் வெற்றி. 2013இல் பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்த கூட்டு அணி) அணிக்குத் தலைவர், அப்போது வயது 24, லயன்ஸ் சுற்றுப்பயணத் தலைவர்களில் அவ்வளவு இளையவர் அதற்கு முன் கிடையாது. 2017இல் நியூசிலாந்துக்குப் போன லயன்ஸுக்கும் அவரே தலைவர், தொடர் 1-1 என்று சமனில் முடிந்தது. கடைசி டெஸ்ட் (ரக்பியில் முழு சர்வதேச ஆட்டத்துக்கு இதுதான் பெயர்) 15-15, அதுவும் ஈடன் பார்க்கில்தான். வேல்ஸுக்கு 74 ஆட்டம், அதில் 49 தலைவராக, லயன்ஸுக்கு 5 டெஸ்ட். அந்த 15-15 ஆட்டத்துக்குப் பிறகு அவர் களத்தில் இறங்கவே இல்லை. கழுத்தில் அறுவை சிகிச்சை, அப்புறம் முழங்கால், ஒரு பருவம் முழுக்க வெளியே, திரும்பி வந்து பயிற்சியைத் தொடங்கினார், உடம்பு தான் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2018 ஜூலை 18ஆம் தேதி ஓய்வை அறிவித்தார். அதே நாளில் ஆல்ப்ஸ் மலையில் கெரைன்ட் தாமஸ் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார், பாரிஸ் வரை கழற்றவில்லை. தாமஸ் 39 வயதில், 2025இல்தான் சைக்கிளை நிறுத்தினார். பேல் 33இல் நிறுத்தினார். ஒரே பள்ளி, மூன்று விளையாட்டு: 29, 33, 39. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம்தான், ஆனால் அது நியாயமான பதில் ஆகாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

7ஆம் எண் என்பது ஓப்பன்சைடு ஃப்ளாங்கர். எங்கே பந்து இருக்கிறதோ அங்கே முதலில் போய்ச் சேர வேண்டியவர். டேக்கிள் பண்ணுவது, அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே தள்ளுவது ஒரு வேலை, அதைவிட முக்கியமானது டேக்கிளுக்குப் பிறகு நடப்பது. எதிரணி ஆள் பந்தோடு தரையில் விழுந்த அந்த ஒன்றிரண்டு வினாடிக்குள் போய், தன் கால்களில் நின்றபடியே குனிந்து பந்தைப் பிடுங்க வேண்டும். இதை ஜேக்கல் என்பார்கள், நரியைச் சொல்கிற பெயர். வார்பர்டன் பெயர் வாங்கியது இதில்தான். அந்த நிலையை மனதில் கொண்டுவர வேண்டுமென்றால், தரையில் கிடக்கிற அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கக் குனிகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கால் அகட்டி, இடுப்பு மடிந்து, தலை முழங்காலுக்கும் கீழே, இரண்டு கையும் மூட்டையில் பூட்டியிருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து 110 கிலோ ஆள் ஒருவர் ஓடிவந்து தோளால் இடிக்கிறார், அவர் பின்னாலேயே இன்னொருவர். இவர் கையை விட்டால் பந்து போச்சு, விடாவிட்டால் அடி முழுக்கக் கழுத்திலும் தோளிலும் முழங்காலிலும் இறங்கும். நல்ல 7ஆம் எண் கையை விட மாட்டார். சரியாகச் சொன்னால், கையை விடாததால்தான் அவர் நல்ல 7ஆம் எண்.

திங்கட்கிழமை காலை என் கிளினிக்குக் குழாய் வேலை செய்கிற ஒருவர் வருவார், சனிக்கிழமைகளில் கீழ்மட்ட லீக்கில் 7ஆம் எண். வலி எங்கே என்று கேட்டால் எங்கேயும் இல்லை என்பார். கதவுப் பக்கம் திரும்பிப் பாருங்கள் என்றால் தலை மட்டும் திரும்பாது, இடுப்பிலிருந்து உடம்பே மொத்தமாகத் திரும்பும். வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன், "பார்க்கிறதில்லை, கேமரா வாங்கிப் போட்டுட்டேன்" என்றார். அவருக்கு 31 வயது. தலை ஒரு பக்கமாக வெட்டி இழுபட்டால் கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்பு இழுபட்டு, தோளிலிருந்து விரல் நுனிவரை கரண்ட் அடித்த மாதிரி எரியும், கை சில நொடிகள் அல்லது நிமிடங்கள் தொங்கிப்போகும். இதற்கு இங்கே ஸ்டிங்கர் என்று பெயர். ஒன்று வந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். திரும்பத் திரும்ப வந்தால் கழுத்து எலும்புகளுக்கு நடுவே நரம்பு வெளியேறும் இடம் குறுகியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். 16 வயதுப் பையன்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் அடுத்த வாரம் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். இந்த ஒன்றை அவனிடம் நேரடியாகவே கேளுங்கள்.

ஆனால் 7ஆம் எண் என்றாலே 29இல் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நியூசிலாந்தின் ரிச்சி மெக்காவும் 7ஆம் எண்தான், அதே ஜேக்கல் வேலைதான், 148 டெஸ்ட் ஆடி 34 வயதில் உலகக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றார். வார்பர்டனோடு வேல்ஸில் ஆடிய ஜஸ்டின் டிப்பூரிக்கும் ஃப்ளாங்கர்தான், தேசிய அணியில் 33 வயதுவரை தாக்குப்பிடித்தார். பிறகு வித்தியாசம் எங்கே? இந்த இடத்தில் நான் சொல்வதில் பாதி அனுபவம், பாதி கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உடலமைப்பு ஒரு காரணம், அதில் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. அதிர்ஷ்டமும் உண்டு. மூன்றாவதாக, என் பார்வையில் வெளியே அதிகம் பேசப்படாத காரணம், வீரனின் காலண்டர் யார் கையில் இருக்கிறது என்பது. நியூசிலாந்தில் முதல்தர வீரர்களின் ஒப்பந்தம் தேசிய ரக்பி அமைப்பிடமே இருக்கிறது. 2013இல் மெக்காவுக்கு அரை வருஷம் ரக்பியே வேண்டாம் என்று விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். அவர் உச்சத்தில் இருந்தபோது கொடுத்த விடுப்பு அது. பிரிட்டனில் கிளப்புக்கு ஒரு காலண்டர், நாட்டுக்கு ஒன்று, நான்கு வருஷத்துக்கொரு முறை லயன்ஸுக்கு ஒன்று. செப்டம்பரில் கிளப் பருவம் தொடங்கும், நவம்பரில் சர்வதேச ஆட்டங்கள், பிப்ரவரி மார்ச்சில் ஆறு நாடுகள், மறுபடி கிளப், ஜூன் ஜூலையில் சுற்றுப்பயணம். வார்பர்டனுக்கு 2011 உலகக் கோப்பை, 2013 லயன்ஸ், 2015 உலகக் கோப்பை, 2017 லயன்ஸ் என்று ஒற்றைப்படை வருஷம் ஒன்றுகூடச் சும்மா போகவில்லை, எல்லாவற்றிலும் தலைவர் பொறுப்பு வேறு. வேல்ஸ் ரக்பி யூனியனுக்கும் இது புரிந்ததால்தான் 2014 ஜனவரியில் அவரைத் தங்களிடமே நேரடி ஒப்பந்தத்தில் எடுத்தார்கள், அந்த வகையில் அவர்தான் முதல் ஆள். அது கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஆடியிருப்பாரா? ஆடியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது, நிரூபிக்க வழியில்லை.

இதோடு ஒரு சின்ன வரலாறும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரக்பி யூனியனில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்கலாம் என்று ஆனதே 1995 ஆகஸ்டில்தான். அதற்கு முன் ஆடியவர்கள் ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், இரும்பாலைத் தொழிலாளிகள். வேல்ஸின் ஆகப்பெரிய வீரர் என்று பலர் சொல்லும் காரெத் எட்வர்ட்ஸ் 1978இல் ஓய்வு பெற்றுச் சுயசரிதை எழுதிப் பணம் வாங்கியதற்காக, "நீ தொழில்முறைக்காரன்" என்று சொல்லி அவரை அமெச்சூர் ரக்பியிலிருந்தே தள்ளி வைத்தார்கள், புத்தகம் எழுதியதற்கு! 1995க்குப் பிறகு நடந்தது என்னவென்றால், வாரம் இரண்டு நாள் மாலை பயிற்சி எடுத்தவர்கள் வாரம் முழுக்க எடை தூக்க ஆரம்பித்தார்கள். எல்லோரும் பெரிதானார்கள், வேகமானார்கள். தசையைப் பயிற்சியால் பெருக்கலாம், கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டையும் முழங்கால் தசைநாரையும் அதே அளவுக்குப் பெருக்க முடியாது. சனிக்கிழமை 80 நிமிடத்தில் வாங்குகிற அடி மட்டும் கணக்கில்லை, வார நடுவில் பயிற்சியில் தங்கள் ஆட்களிடமே வாங்குகிற அடியும் சேரும். அதனால்தான் 2021இல் உலக ரக்பி அமைப்பும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து, முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தன. வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை.

தலை அடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் நான் என் வேலையைச் செய்யாதவன். உறுதியாகத் தெரிந்தது இது: இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டங்களில் எடுக்கிற காயக் கணக்கெடுப்பில் 2011-12 பருவத்திலிருந்து வருஷா வருஷம் முதலிடம் கன்கஷனுக்குத்தான் (அடியில் மூளை அதிர்ந்து போவது), அதில் பெரும்பகுதி டேக்கிளில் வருகிறது, அடி வாங்குபவருக்கு மட்டுமில்லை, டேக்கிள் செய்பவருக்கும். 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ஸன், அந்தக் கோப்பையை வென்றதே தனக்கு நினைவில் இல்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். வேல்ஸுக்கு 33 ஆட்டம் ஆடிய அலிக்ஸ் போப்பமுக்கு 40 வயதில் மறதி நோய் என்று கண்டறிந்தார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச வீரர்கள் 412 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு, நரம்புச் சிதைவு நோய்கள் இவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று காட்டியது. சந்தேகத்துக்கு இடமுள்ளது இது: அந்த 412 பேரில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாத காலத்து ஆட்டக்காரர்கள். இன்றைய வீரர்கள் கனமானவர்கள், அதே நேரம் இன்று மைதானத்தில் தலை அடி பட்டவரை உடனே வெளியே எடுத்துச் சோதிக்கும் முறை இருக்கிறது, 2024 ஜனவரியிலிருந்து உயர்மட்ட ஆட்டங்களில் அடியின் வேகத்தை அளக்கும் பல் கவசமும் வந்துவிட்டது. இவை எல்லாம் சேர்ந்து ஆபத்து கூடியதா குறைந்ததா என்று இன்று யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள், இருபது வருஷம் கழித்துத்தான் கணக்கு வரும். ஒரு தனிப்பட்ட பையனைப் பார்த்து இவனுக்கு வரும், இவனுக்கு வராது என்று சொல்லும் சோதனை எதுவும் கிடையாது, என்னிடமும் இல்லை, பெரிய நரம்பியல் மருத்துவரிடமும் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. குனிந்து நிற்கிற ஜேக்கலைப் பக்கவாட்டில் கட்டிப்பிடித்து உருட்டித் தள்ளுகிற முதலை உருட்டல் என்ற வேலையை 2024 ஜூலையிலிருந்து விதியிலேயே தடை செய்துவிட்டார்கள். அதில் முழங்காலும் கணுக்காலும் போன ஆட்கள் ஏராளம். வார்பர்டன் ஆடிய காலத்தில் அது சர்வ சாதாரணம்.

பணம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய அணிக்கு ஆடுகிற சிலர் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அது கால்பந்துப் பணம் இல்லை, பேலின் வருமானத்தை மனதில் வைத்து யோசிக்க வேண்டாம். அகாடமியில் (கிளப்புகளின் இளையோர் பயிற்சிப் பிரிவு) சேர்கிற பையன்களில் பலருக்குப் பெரிய அணி ஒப்பந்தமே கிடைக்காது. கிடைத்தாலும் சம்பளம் தருகிற கிளப் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. 2022-23 என்ற ஒரே பருவத்தில் இங்கிலாந்தின் முதல்தர லீக்கிலிருந்து வூஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என்று மூன்று கிளப்புகள் கடனில் மூழ்கின. 2023 பிப்ரவரியில் ஒப்பந்தப் பிரச்சினைக்காக வேல்ஸ் வீரர்கள் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தையே ஆட மாட்டோம் என்று சொல்கிற நிலை வந்தது, கடைசி நேரத்தில்தான் சமாதானம். வார்பர்டன் கடைசிவரை ஆடிய கார்டிஃப் கிளப்பே 2025 ஏப்ரலில் திவால் நிர்வாகத்துக்குப் போய், யூனியன் எடுத்து நடத்துகிற நிலைக்கு வந்தது. 29இல் நின்ற வார்பர்டனுக்குத் தலைவராக இருந்த பெயர் கைகொடுத்தது, தொலைக்காட்சி விமர்சனத்துக்குப் போனார். பெயர் இல்லாத 29 வயதுக்காரர்கள்தான் அதிகம், அவர்களை நான் கிளினிக்கில் பார்க்கிறேன்.

நம் வீடுகளில் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியும்: படிப்பு? ஜேமி ராபர்ட்ஸ் பெயரைச் சொல்லி அண்ணனையும் அண்ணியையும் சமாதானப்படுத்தலாம். வேல்ஸுக்கு 94 ஆட்டம் ஆடியவர், ஆடிக்கொண்டே கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 2013இல் பட்டம் வாங்கியவர். டாக்டர் மாப்பிள்ளை, ரக்பி வீரன் இரண்டும் ஒரே ஆள். எல்லோராலும் முடியாது, அவருக்கும் படிப்பு வழக்கத்தைவிட நீண்ட காலம் இழுத்தது, ஆனால் முடியும் என்பதற்கு ஆள் இருக்கிறது. ஏதாவது ஒரு தொழில் படிப்பு கூடவே ஓடட்டும் என்பது மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்வது. நாளை முழங்கால் போனால் திங்கட்கிழமை எங்கே போவான் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

ஆட விடலாமா என்றால், விடலாம் என்றுதான் சொல்வேன், என் மகனும் ஆடுகிறான், 10 வயது, இப்போதைக்கு மைதான ஓரமான விங்கில் ஓடுகிறான், நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அண்ணன் ஒருமுறை பயிற்சியாளரிடம் போய் இரண்டு விஷயம் கேட்கட்டும். வாரத்தில் எத்தனை நிமிடம் முழு மோதல் பயிற்சி, பள்ளி அணி, ஊர் கிளப், அகாடமி மூன்றிலும் அவன் ஆடுவதைச் சேர்த்துக் கணக்கு வைப்பது யார். திறமையான பையன்கள் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாதபோதுதான், மூன்று பயிற்சியாளர்களும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் இருப்பார்கள், கூட்டிப் பார்த்தால் பையன் பத்து நாளில் நான்கு ஆட்டம் ஆடியிருப்பான்.

அப்புறம் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. ஆட்டம் முடிந்த மறுநாள் அவனை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, தோளை அசைக்காமல் முகவாயை இடது தோளுக்கு மேல் கொண்டுபோகச் சொல்லுங்கள், பிறகு வலது தோளுக்கு. ஒரு பக்கம் குறைந்தால் அந்த வாரம் மோதல் பயிற்சி வேண்டாம், பிசியோவைப் பாருங்கள். கையில் மரமரப்போ எரிச்சலோ இருக்கிறது என்றால் பிசியோ இல்லை, மருத்துவரிடம். இரண்டு கையும் ஒரே சமயத்தில் எரிந்தது என்றால், அல்லது கால் மரத்தது என்றால், மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது. மைதானத்திலேயே அவனை அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.